சிலிர்க்காத கிடா

காவேரிச் சித்திக்குப் போன வருடம் பயம் வந்தது. எதைக் கண்டு பயம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு படபடக்கும். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று படபடக்கும். அர்ச்சுனன் சித்தப்பா அவரைத் தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினார். காட்டிவிட்டு வரும் வழியிலேயே முனியப்பனுக்கு ஒரு கிடாவையும் நேர்ந்துகொண்டார்.

சித்தி தெளிந்துவிட்டார். மாத்திரை என்ன செய்கிறது என்று டாக்டர் சொன்னதை, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார்.

"மூளைக்குள்ள நரம்புங்க ஓயாம பேசிக்கிட்டே இருக்குமாம். அதுங்கள அடங்குன்னு சொல்றதுக்கு மூளையிலயே ஒரு சரக்கு ஊறுதுங்க. எனக்கு அது ரொம்ப மெதுவா சொல்லுது. மாத்திரை போயி அதுக்கு மைக் புடிக்குது."

நேர்ந்துவிட்ட கிடாவோ சித்தியை விடப் பயந்தாங்கொள்ளி. ஒரு தடவை லாரி டயர் வெடித்த சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடியது. சித்தப்பா செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். கோயிலில் மேளம் வேறு அடிப்பார்களே என்று அவருக்குக் கவலை. கிளம்புகிற காலையில் ஒரு வாழைப்பழத்துக்குள் எதையோ செருகி அதற்கு ஊட்டினார். கிடா தானாக வண்டி ஏறவில்லை என்றாலும், ஏற்றியதும் அவர் தோளில் சாய்ந்துகொண்டது.

எங்கள் பக்கம் கிடாவின் சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பூசாரி மாதேஷ் ஊற்றினார். தண்ணீர் வழிந்தது, கிடா நின்றது. காதுக்குள் தெளித்தார். மேளத்தை வேகப்படுத்தச் சொன்னார். கிடா முன்னங்கால்களை மடித்துப் படுத்து, அவர் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டது.

சொந்தக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பாவின் அக்கா பெரியம்மாள் சித்தி பக்கம் திரும்பி, "சாமி ஏத்துக்கலையே. பயம் இன்னும் உனக்குள்ளதான் குந்தியிருக்குதோ என்னமோ" என்றார்.

சித்தி என் கையைப் பிடித்திருந்தார்.

"திரும்பவும் வந்துருமாடி?" என்று என்னிடம் கேட்டார்.

சித்தப்பா சித்தியின் முகத்தைப் பார்த்தார். கூடியிருந்த பங்காளிகளையும் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சாமிக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நாந்தான் அதுக்கு மாத்திரை குடுத்தேன்."

"என்ன மாத்திரை?" என்றார் பூசாரி.

"இவளுதுதான். ரெண்டு."

சித்தி என் கையை உதறினார். "எனக்கே அரைதான குடுக்குறாரு டாக்டரு!"

மேளக்காரர்தான் முதலில் சிரித்தார். சித்தி நேராகப் போய்க் கிடாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஈரம் பட்டதைத் தோல் சொன்னாலும், உதறு என்று மூளை சொன்னால்தானே உடம்பு உதறும், உள்ளே ஒருத்தன் அடங்கு அடங்கு என்று கத்திக்கொண்டிருந்தால் எப்படி உதறும் என்று பெரியம்மாளைப் பார்த்து விளக்கினார். அந்த மாத்திரை கைகாலையும் தளர்த்திவிடுமாம். இதில் முனியப்பனைக் குற்றம் சொல்லக் கூடாது என்று முடித்தார்.

பெரியம்மாள், அந்தக் கறியைச் சாப்பிட்டால் தன் மருமகளின் வாயும் கொஞ்சம் அடங்குமா என்று கேட்டார். மருந்து தின்ற கிடாவைத் தொடவே மாட்டேன் என்று பூசாரி சொல்லிவிட்டார். கறிக்கு அரைத்த மசாலாவில் அன்று கத்தரிக்காய் வெந்தது.

திரும்பும்போது கிடாவின் தலை சித்தியின் மடியில். வழியில் இண்டூர் வரும்வரை சித்தப்பாவைத் திட்டினார். அவர் பாட்டுக் கேட்பவரைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தார். தொண்டை வறண்டு சித்தி தண்ணீர் கேட்டார். வண்டி குலுங்கியதில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கிடாவின் முதுகில் கொட்டியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

அது குறட்டை விட்டது. சித்தி முந்தானையால் அதன் முதுகைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.