ஒதீலின் காலில் பட்ட வட்டு

ஒதீல் பூலியான் பன்னிரண்டு வருஷமாக ஐஸ் ஹாக்கி ஆடுகிறாள். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அவள் ஊரான சிக்கூட்டிமியில் ரொட்டிக் கடைக்காரிகூட இதைச் சொல்லிக் காட்டாமல் அவள் கையில் ரொட்டியைத் தரமாட்டாள். "நான் தடுக்கிறவ. கோல் போடறது என் வேலையா?" என்று ஒதீல் கெத்தாகச் சொல்லிவிட்டு நடப்பாள். அத்தனையும் பொய். அவளுக்கு ஒரு கோல் வேண்டும். சம்பளமே இல்லாத பழைய லீக்கில், காலையில் வீடு வீடாகத் தபால் போட்டுவிட்டு மாலையில் மட்டையைத் தூக்கிய காலத்திலிருந்தே வேண்டும். இன்றைக்கு அவளுடைய கடைசி ஆட்டம். முழங்கால் இரண்டும் கையை விரித்துவிட்டன. இன்றைக்குக் கோல் விழாவிட்டால் இனி இல்லை.

இது அவளுடைய நீர்நாய்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். உடை மாற்றும் அறையில் மாயெல்தான் ஆரம்பித்தாள். இருபத்தொரு வயது, அணியிலேயே அதிகமாகக் கோல் போடுகிறவள், வாயும் அதிகம்.

"தாயே, இன்னிக்கு நீ கோல் போடறே. முடிவு பண்ணியாச்சு."

"எவடி முடிவு பண்ணது?"

"நாங்க எல்லாரும். கோச்சுக்கு மட்டும் தெரியாது."

"தெரியும்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. பயிற்சியாளர் கேத்தான் அங்கே நின்றிருந்தாள். "போடட்டும். ஆனா ஆட்டத்தைத் தோத்துட்டு வந்து நின்னீங்க, அவளுக்கு வாங்கின கேக்கை நான் ஒருத்தியே தின்னு முடிச்சிடுவேன்."

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் பகுதி முழுக்க ஒரே கூத்து. பந்துக்குப் பதிலாக ஆடுகிற அந்த ரப்பர் வட்டு யாரிடம் கிடைத்தாலும் ஒதீலைத் தேடினார்கள். கோல்கீப்பருக்கு நேர் எதிரே தன்னந்தனியாக நின்ற மாயெல், அடிக்காமல் திரும்பிப் பின்னால் தள்ளினாள். அங்கே ஒதீல் இல்லை. ஆள் மாறிப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா? நான் என்ன மாதா கோயில் வாசல்ல கையேந்திக்கிட்டா நிக்கிறேன்?" என்று கத்தினாள் ஒதீல். திட்டினாளே தவிர, அடுத்த முறை களத்தில் இறங்கியபோது வழக்கத்தைவிட நாலடி முன்னால்தான் போய் நின்றாள்.

இரண்டாம் பகுதியில் அது வந்தே விட்டது. எதிரணியான ஹாமில்டனின் கோல்கீப்பர் குப்புற விழுந்து கிடந்தாள். வலை வாசல் திறந்து கிடந்தது. வட்டு ஒதீலின் மட்டையில். அரங்கமே எழுந்து நின்று "அடி! அடி!" என்று அலறியது. ஒதீல் தலையைத் தூக்கினாள், பக்கத்தில் மாயெல் நிற்பதைப் பார்த்தாள், நேர்த்தியாக அவளுக்குத் தள்ளிவிட்டாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம் கையில் உட்கார்ந்திருந்தது. கனவிலும் எதிர்பாராத மாயெல் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, வட்டு அவள் மட்டைக்கு அடியில் புகுந்து மூலைக்குப் போய்விட்டது.

"தபர்னாக்!" என்றாள் ஒதீல். அந்த ஊரில் கோயில் சாமான்களின் பெயர்கள்தான் கெட்ட வார்த்தைகள். அவள் மீதிச் சாமான்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பெஞ்சுக்கு வந்தாள். பெஞ்சில் ஒருத்திக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

மூன்றாம் பகுதி. அணிக்கு இரண்டு கோல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடமும் கொஞ்சமும் இருக்கையில் பிரின் பாய்ந்து வந்தாள். ஹாமில்டன் தலைவி, கல்லூரியில் ஒதீலின் அறைத்தோழி. ஒதீல் நீட்டிய மட்டை பிரின் காலில் மாட்டியது. பிரின் குட்டிக்கரணம் போட்டாள். நடுவர் கையைத் தூக்கினார்.

கை தூக்கினாலும், தப்புச் செய்த அணி வட்டைக் கைப்பற்றும் வரை ஆட்டம் ஓடும். கைப்பற்றிய நொடியே விசில். ஆகவே கோல் விழுமே என்ற பயம் இல்லாமல் ஹாமில்டன் தன் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுக்கொண்டு, இன்னொரு ஆளை இறக்கியது. எல்லா அணிகளும் செய்வதுதான். ஹாமில்டன்காரி ஒருத்தி ஓங்கி அடித்த வட்டு ஒதீலின் முன்னங்காலில் பட்டுத் தெறித்தது. ஒதீல் மண்டியிட்டுவிட்டாள். தெறித்ததை மூலையில் பிடித்த பிரின், பார்க்காமலே பின்னால் தள்ளினாள். வாங்க வேண்டியவள் அப்போதுதான் ஆள் மாறப் பெஞ்சுக்குப் போயிருந்தாள்.

வட்டு போனது. நடுக்கோட்டைத் தாண்டியது. யாரும் தொடவில்லை. பிரின் விழுந்தடித்துத் துரத்தினாள். வட்டு ஹாமில்டனின் காலியான வலைக்குள் மெதுவாக, வீட்டுக்கு வருகிறவளைப் போல நுழைந்தது.

ஒதீலுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவர் தண்டனைக் கூண்டைக் காட்டினார். போனாள், உட்கார்ந்தாள். கூண்டின் கதவைத் திறந்து மூடுகிற ஃபெர்னான் பல் தெரியச் சிரித்தார்.

"வா மகளே. வாழ்த்துக்கள்."

"எதுக்கு? காலைத் தட்டி விட்டதுக்கா?"

"கோலுக்கு. அவங்க வலைல அவங்களே போட்டுக்கிட்டா, நம்ம பக்கம் கடைசியா யார் மேல பட்டுச்சோ அவங்க பேர்லதான் எழுதுவாங்க. உன் கால் போட்டுச்சு, போ!"

மேலே ஒலிபெருக்கி முழங்கியது. "நீர்நாய்களின் மூன்றாவது கோல்... ஒதீல் பூலியான்!" கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. அதே மூச்சில், "இரண்டு நிமிடத் தண்டனை... ஒதீல் பூலியான்!"

ஒதீல் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். கட்டிப்பிடிக்க ஆள் இல்லாமல் ஃபெர்னானைப் பிடித்து உலுக்கினாள். அவருடைய தொப்பி பறந்தது. வெளியே அணி முழுக்கக் கூண்டின் கண்ணாடியில் முட்டி மோதியது. மாயெல் மூக்கு நசுங்க முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினாள். "தாயே! உட்கார்ந்த இடத்துல கோல் போட்டுட்டியே!" நடுவர் அவர்களை ஆடு மாதிரி ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கடைசியாக வந்த பிரின் மட்டையால் கண்ணாடியில் ஒரு போடு போட்டாள். "நாசமாப் போறவளே! என் கையாலயே குடுத்துட்டேனே!"

"என் கல்யாணத்துக்குப் பரிசே குடுக்கலல்ல நீ? கணக்கு தீந்துச்சுடி!"

பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். அணியில் ஓர் ஆள் குறைவு. தடுக்க வேண்டியவளோ கூண்டில். ஹாமில்டன் ஒரு கோல் போட்டுவிட்டால் ஆட்டம் மறுபடி சமம். தன் ஒரே கோல், ஜெயிக்காத ஆட்டத்தில் சும்மா ஓர் எண்ணாகிவிடும். ஒதீல் ஃபெர்னானின் கையைக் கடிக்காத குறை.

தண்டனை முடிந்து கதவு திறந்தபோது இன்னும் மூன்றுக்கு இரண்டுதான்; ஆட்டத்தில் சில நொடிகளே பாக்கி. மாயெல் தங்கள் வலைப் பக்கத்திலிருந்து அடித்துத் தள்ளிய வட்டு, கூண்டை விட்டு இறங்கிய ஒதீலின் மட்டைக்கே வந்து சேர்ந்தது. முன்னால் ஒருவரும் இல்லை, கோல்கீப்பர் மட்டும். வலையை இன்னொரு தடவை காலியாக விட ஹாமில்டனுக்குத் துணிச்சல் இல்லை. ஊரே கத்தியது. "அடி, ஒதீல், அடி!"

ஒதீல் அடிக்கவில்லை. நேராக மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய், வட்டைச் சுவரோடு காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி, நேரம் ஓடட்டும் என்று நின்றுவிட்டாள். பிரினும் இன்னும் இரண்டு பேரும் அவள் முதுகில் ஏறி உழுதார்கள்.

"விடுடி வட்டை! ஒழுங்கா ஒரு கோல் போடற வாய்ப்புடி, பைத்தியக்காரி!" என்று கத்தினாள் பிரின்.

"எனக்கு ஒண்ணு போதும்டி!" சிரித்துச் சிரித்து ஒதீலுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா அந்த ஒண்ணு ஜெயிச்ச கோலா இருக்கணும்!"

மூன்று பேரும் தள்ளினார்கள், இடித்தார்கள், மட்டையால் நோண்டினார்கள். ஆட்டம் முடியும் சங்கு ஊதும் வரை அவள் அசையவில்லை.