ஆடுகிற கல்

காலை எட்டு மணிக்கு என் ஜெராக்ஸ் கடை வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தெரு ஓரத்துச் சாக்கடையை மூடியிருந்த கருங்கற்களில் ஒன்று விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் மோட்டார் அண்ணனின் இடது கால் பட்டுவிட்டது என்று அர்த்தம். அவர் வீட்டு வாசற்படியிலிருந்து அது நூற்று நாற்பதாவது அடி. சத்தம் கேட்டதும் இடது பக்கம் திரும்புவார். பக்கத்துச் சந்தில் பதினேழு அடி நடந்தால் அவர் கடை. கையை நீட்டினால் ஷட்டர் பூட்டு விரலில் தட்டும். ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று எது எரிந்துபோய் வந்தாலும் பழைய கம்பியைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோன பார்வையில் வெளிச்சம், இருட்டு என்ற இரண்டும்தான் மிச்சம். ஆனால் எண்ணிக்கை தப்பாது. எழுநூற்று இருபது சுற்று என்றால் எழுநூற்று இருபதுதான். நடுவில் நாம் போய் நலம் விசாரித்தால் பதில் வராது. சுற்றி முடித்து முடிச்சுப் போட்டபிறகு, "என்ன கேட்ட?" என்பார்.

கைத்தடி வாங்கமாட்டார். நல்ல மனதோடு யாராவது முழங்கையைப் பிடித்தால் நடுத்தெருவில் நின்றுவிடுவார். "நான் என்ன சூட்கேஸா?" என்று கேட்பார். பிடித்தவர் கையை எடுக்கும் வரை நகரமாட்டார். அவர் மனைவிக்கு, எங்கள் அக்காவுக்கு, மட்டும் அந்தக் கை கிடைக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். மற்ற நாளெல்லாம் அக்கா ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குக் கிளம்பிவிடுவார். அவருடைய புருஷன் எட்டு மணிக்குத் தனியாக, ராஜா மாதிரி, எண்ணிக்கொண்டே வருவார்.

இப்படி இருந்த தெருவுக்குத்தான் ஒருநாள் புத்துயிர் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அதுவரை நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தோம்.

தெருமுனையில் வீட்டு உயரத்துக்கு ஒரு பலகை வைத்தார்கள். 'பழம்பகுதி புத்துயிர்த் திட்டம்' என்று தலைப்பு. கீழே எங்கள் தெரு எப்படி ஆகப்போகிறது என்று வரைந்திருந்த படம். மரங்கள், விளக்குகள், பலூன் பிடித்த குழந்தை, நாயோடு நடக்கும் ஒரு பெண், காப்பிக் கோப்பையோடு சிரிக்கும் ஓர் ஆள். அந்தப் படத்தில் எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். என் கடை இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். வரலாற்று ஆலோசகர் என்று ஒருவர் சணல் பை மாட்டிக்கொண்டு வந்தார். பழைய நகரத்தின் நெஞ்சுக்கூட்டில் நாம் நிற்கிறோம் என்றார். எங்களுக்குத் தெரிந்தவரை நாங்கள் நின்றது தானியக் கிடங்கின் பின்வாசலில். எங்கள் அப்பாக்கள் மூட்டை தூக்கி, தூக்கி, கிடங்குகள் மூடியபோது ஆளுக்கொரு சின்னக் கடை பிடித்தவர்கள். அதுதான் மொத்த வரலாறும். அதைச் சொன்னதற்கு அவர், "அது சமூக வரலாறு. அதுக்கு வேற நிதி" என்றார். வரலாற்றுச் சிறப்புள்ளவை பாதுகாக்கப்படும், மற்ற எல்லாமே சீரான புதுக்கல்லால் மாற்றப்படும் என்று படித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே அக்கா என் கடைக்கு வந்தார். இந்தத் தெருவில் மனு எழுதுவது நான்தான். 'மாண்புமிகு' என்ற சொல்லை ஒரே பக்கத்தில் ஒன்பது முறை போடக்கூடியவன் என்று எனக்குப் பேர்.

"தம்பி, அந்த ஆடுற கல்லு ஒண்ண மட்டும் விட்டுடச் சொல்லி எழுதணும்."

"எழுதிடலாங்கா. கண்ணு தெரியாதவர், அத நம்பித்தான்..."

"ஐயோ, அப்படி எழுதாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா மானம் போச்சுன்னு வீட்டோட உக்காந்துடுவார். வேற ஏதாவது காரணம் போடுங்க. உங்களுக்கா தெரியாது?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. மூன்று பக்கம் எழுதினேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடல்வழி வந்த வணிகர்கள் தங்கள் சரக்கை எடைபோட்ட கல் அது. ஒரு தளபதியின் குதிரை மிதித்ததால் உண்டான விரிசல் இன்றும் காணக்கிடைக்கிறது. இதைப் பாதுகாப்பது நம் தலையாய கடமை. உண்மையில் அந்தக் கல்லை உடைத்தது என் ஜெராக்ஸ் மெஷின். பன்னிரண்டு வருடத்துக்கு முன் லாரியிலிருந்து இறக்கும்போது நான்கு பேர் பிடித்தும் நழுவி, அதன் பின்சக்கரம் கல்லின் நடுவில் இறங்கியது. அந்த நான்கு பேரில் மோட்டார் அண்ணனும் ஒருவர். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

மனு வேலை செய்தது. என் மனு எதுவும் அதற்குமுன் அவ்வளவு வேலை செய்ததில்லை. ஆலோசகர் நேரில் வந்து கல்லின் முன்னால் மண்டியிட்டார். விரிசலை விரலால் தடவினார். "ஒரு யுகமே இதுக்குள்ள இருக்கு" என்றார். எனக்கே ஒரு நிமிடம் குதிரைச் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

மறுவாரம் ஒரு சின்னக் கிரேன் வந்தது. எட்டுப் பேர் கையுறை மாட்டிக்கொண்டு, கல்லுக்குப் பஞ்சு சுற்றி, பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். முக்கியமானதை இருக்கிற இடத்தில் யாராவது விட்டுவைப்பார்களா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தெருமுனைச் சதுக்கத்தில் மேடை கட்டி, கண்ணாடி போட்டு, சங்கிலி கட்டி, பித்தளைத் தகடு வைத்தார்கள். 'வணிகர் எடைக்கல். தொடாதீர்.'

தெருவில் புதுக்கல் பதித்தார்கள். சாம்பல் நிறத்தில், ஒன்றுபோல ஒன்று, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் நிற்கும், அவ்வளவு மட்டம். முதல் நாள் காலை அண்ணன் எண்ணிக்கொண்டேதான் வந்திருப்பார். ஆனால் மேடு பள்ளம் போனதும் கால் தாராளமாகிவிட்டது போலிருக்கிறது, ஒவ்வொரு அடியும் நீண்டுவிட்டது. நூற்று நாற்பதில் சத்தம் வரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் என்று போயிருக்கிறார். நான் மெஷினில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். பேருந்தின் பிரேக் கிறீச்சிட்டபிறகுதான் வெளியே ஓடினேன்.

தெருமுனையைத் தாண்டிப் பெரிய சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். முட்டிக்கும் பேருந்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. டிரைவர் வாயில் வந்ததெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய்க் கையைப் பிடித்தேன். சூட்கேஸ் என்று அவர் சொல்லவில்லை. கூடவே வந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் ஒன்பது நாள் கடை திறக்கவில்லை. அக்கா வேலையை விட்டுவிடப்போவதாகச் சொன்னார். நான் கூட்டிவருகிறேன் என்றதற்கு, "யார் வந்தாலும் கதவத் தொறக்கமாட்டேங்கிறார் தம்பி. கட்டில்ல உக்காந்து ஜன்னல் கம்பிய எண்ணிக்கிட்டிருக்கார். அதுல இருக்கறதே ஏழு கம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்காவை அழைத்துக்கொண்டு கல் பதிக்கும் மேஸ்திரியிடம் போனேன். திறப்பு விழாவுக்காக எதிர்வரிசை ஓரத்தை முடித்துக்கொண்டிருந்தார். இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "இருபத்திரெண்டு வருஷமா கல்லு பதிக்கிறேங்கா. ஆடுதுன்னு ஒருத்தன் என்னத் திரும்பக் கூப்பிட்டதில்ல. ஆட வெச்சுக் குடுன்னு கேக்கிற மொத ஆளு நீங்கதான்."

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே."

"இஞ்சினியர் பாத்தா எம் பொழப்பு கிழிஞ்சிடும்." கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். ஒரு மயிரிழை பிசகாத அவருடைய தெரு. "எந்த எடம்?"

நல்ல வேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம் போலிருக்கிறது, அளவான கெட்ட வேலைக்குத்தான் அரை நாள் பிடித்தது. என் கடை வாசலில் ஒரு கல்லைப் பெயர்த்து, அடியில் ஒரு மூலையில் மட்டும் கலவையைச் சுரண்டி, வைத்து, மிதித்து, மறுபடி எடுத்தார். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்து வந்து மிதித்தார்.

"சத்தம் பத்தல."

சுரண்டினார்.

"இப்ப கால் தடுக்குது. அவருக்கு வலது முட்டி வேற சரியில்ல. சத்தம் மட்டும் வரணும், கல்லு எழும்பக் கூடாது."

"வீட்டுக்காரருக்குச் சட்டை தெக்கிற மாதிரில்ல அளவு சொல்றீங்க" என்றார் மேஸ்திரி. அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். ஏழாவது தடவையில் 'டக்' என்றது. பழைய சத்தம் இல்லை. ஆனால் அதன் தம்பி என்று சொல்லலாம்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் அக்கா எங்கள் இருவரிடமும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லேட் சொல்லிவிட்டு, தெருவில் சத்தம் வந்துவிட்டது என்று அக்கா அவரை எப்படியோ கிளப்பியிருக்கிறார். எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். பத்தடி பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா. அண்ணன் நடையை மறுபடி குறுக்கியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. 'டக்.' நின்றார். காலை எடுத்து மறுபடி வைத்தார். 'டக்.'

"ஏம்பா ஜெராக்ஸு, இத்தன கோடி கொட்டிப் போட்டானுங்க, ஒரு கல்ல ஒழுங்கா வெக்கத் தெரியல பாரு!" என்று தெருவே கேட்கக் கத்தினார். திட்டும்போது அவ்வளவு சந்தோஷமாக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இடது பக்கம் திரும்பினார். ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. அக்கா என் வாசலிலேயே உட்கார்ந்து, மெதுவாகச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பும்போது அண்ணன் என் கடையில் தலையை நீட்டினார். "அந்தக் கல்ல வெச்சவன் யாரு?"

"யாருக்குத் தெரியும்ணே. ஏதோ கூலிக்கு வந்தவங்க."

"ம்" என்றார். "நல்ல வேலைக்காரன்."

திறப்பு விழாவுக்குத் தெருவைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். தலைமை விருந்தினர் எடைக்கல்லின் கண்ணாடி முன்னால் கண்மூடி நின்றார். மைக் பிடித்து, "வரலாற்றின் மீது நாம் உறுதியாகக் கால் பதித்து நடக்கிறோம்" என்றார். பிறகு நடந்தார். என் கடை வாசலில் வரலாறு 'டக்' என்றது. அடியில் தேங்கியிருந்த தண்ணீர் அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால்வரை பீய்ச்சி அடித்தது. இஞ்சினியர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுத்து அந்தக் கல்லில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். திங்கட்கிழமை ஆட்கள் வந்து மாற்றிவிடுவார்கள் என்றார். மேஸ்திரி கூட்டத்தின் கடைசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் கடைக்குள்ளிருந்து பார்த்தேன். அக்கா யாரிடமோ பேச்சுக் கொடுத்தபடியே அந்தக் கல்லின் மேல் நின்று, செருப்பைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எதிர்க்கடைச் சைக்கிள்காரர் எதையோ மிதித்துவிட்டவர்போலக் காலைத் துடைத்தார். பூக்கடைக்கார அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கைதவறவிட்டார். நானும் போய் என் பங்கைத் தேய்த்தேன்.

இன்று திங்கட்கிழமை. கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் தெருமுனையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இஞ்சினியர் குறியைத் தேடுகிறார். ஒன்றுபோல ஒன்றாக நானூறு கல். தலையைக் குனிந்து, காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மிதித்து மிதித்து, சின்னச் சின்ன அடியாக வருகிறார். அவர் உதடும் அசைகிறது. மணி எட்டு ஆகப்போகிறது. இஞ்சினியர், அண்ணன் இரண்டு பேரின் காலடியும் கேட்கிறது, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டேன்.

டக்.

எட்டிப் பார்க்கவில்லை. மெஷின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று, ஷட்டர் சத்தம் வரவேண்டிய பதினேழை நோக்கி எண்ணத் தொடங்கினேன்.