செத்தவனுக்கு என்ன தண்டனை

தம்பியின் தலையை அக்கா சீவிக்கொண்டிருந்தபோது அம்மா அவள் காதருகே குனிந்தாள். தையல் போட்ட இடத்தில் சீப்பு பட்டுவிடக்கூடாதே என்று அக்கா பார்த்துப் பார்த்து இழுத்தாள். இனி அவனுக்கு வலிக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

“போலீஸ்காரர் வந்துட்டிருக்காராம். ஒரே வார்த்தை. தம்பிதான் ஓட்டினான்னு சொல்லிடு.”

அவள் தம்பியின் வகிட்டை நேராக்கினாள்.

முந்தாநாள் மத்தியானம் கல்யாண விருந்து முடிந்து மூன்று பேரும் ஒரே காரில் கிளம்பினார்கள். அண்ணன் மூக்குமுட்டக் குடித்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி பச்சைத்தண்ணீர் ஆசாமி. “சாவியக் குடுண்ணா, நான் ஓட்டறேன்” என்று மூன்று தடவை கேட்டான். அண்ணன் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பின்சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்ட அவள்தான், “விடுடா, பத்து நிமிஷ ரோடுதானே” என்றாள். நாலாவது நிமிஷத்தில், ஓரமாக நின்ற லாரியில் காரின் இடப்பக்கம் சொருகியது. சொன்ன அந்த வார்த்தையை நினைத்தாலே அவளுக்கு வாயில் ஊசிப்போன சோற்றின் ருசி வந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே வக்கீல் முன்னால் அண்ணனுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

“சும்மா பிடிச்சிருந்தா அபராதத்தோட போயிருக்கும்” என்றார் வக்கீல். “ஆள் செத்திருக்கு. வருஷக்கணக்குல உள்ள இருக்கணும். லைசென்ஸையும் மறந்துட வேண்டியதுதான். ஆஸ்பத்திரில உன் ரத்தம் எடுத்துட்டாங்க, குடிக்கலைன்னு சொல்ல முடியாது. குடிச்சுட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தா குத்தமில்ல. எங்க சொல்லு?”

“நான் பக்கத்து சீட்ல தூங்கிட்டிருந்தேன் சார். சத்தம் கேட்டு முழிச்சேன்.” அண்ணன் பிஸ்கட்டை டீயில் முக்கி, ஒடிந்து விழுவதற்குள் லாவகமாக வாயில் போட்டுக்கொண்டான். “அழுதுட்டே சொல்லணுமா சார்?”

“வேணாம், ஓவரா போயிடும்.”

கூடத்தில் ஒருவன் விறைத்துக் கிடக்கிறான். இவனோ அழுகைக்கு அளவு கேட்கிறான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் வேறு.

“தம்பி பேர் கெட்டுடாதா?” என்றாள்.

“செத்தவனுக்கு என்னம்மா தண்டனை?” வக்கீல் சிரிக்கக்கூடச் செய்தார்.

பின்னாலேயே வந்த அம்மா அவள் கையைப் பற்றினாள். “ஒருத்தன வாரிக் குடுத்துட்டேன். இன்னொருத்தனையும் குடுக்கச் சொல்றியா?” அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

போலீஸ்காரர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல்ல எடுங்க. அப்புறம் கேட்டுக்கறேன்” என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

தம்பியைப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். முன்மூலையை வலது தோளில் ஏற்றிய அண்ணன், “அம்மா!” என்று அலறிவிட்டான். பெட்டி சாய்ந்தது. “அந்தப் பக்கம் வந்து இடது தோள்ல வாங்கிக்கப்பா” என்று யாரோ சொல்ல, சுற்றிவந்து மாற்றிக்கொண்டான்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். காலையில் ஈரத்துணியால் தம்பியின் உடம்பைத் துடைத்தவள் அவள்தான். இடது தோளிலிருந்து விலாவரை சீட் பெல்ட் அழுத்திய நீலப்பட்டை இருந்தது. பக்கத்து சீட்டின் பெல்ட் இடது தோள் மேல்தான் வரும். ஓட்டுகிறவனுக்கு வலது தோள். வாய்க்கு ஒத்திகை பார்த்தவர்கள் தோளை மறந்துவிட்டார்கள்.

வாசலில் போய் வழியை மறித்தாள்.

“அண்ணா, சட்டையக் கழட்டு.”

“பைத்தியமாடி உனக்கு?” என்றாள் அம்மா.

“தம்பிக்கு இடது தோள்ல பெல்ட் தடம் இருக்கு சார். இவனுக்கு எந்தத் தோள்லன்னு பாருங்க. ஓட்டினது இவன். போலாம்னு சொன்னது நான். அதையும் எழுதிக்குங்க.”

போலீஸ்காரர் எழுந்து நின்றார். அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள். அழைத்துப் பார்த்திருந்தாலும் நிமிர்ந்திருக்க மாட்டாள்.

அண்ணனின் கை சட்டையின் மேல் பட்டனுக்குப் போனது. தோளை அவன் விலக்கிக்கொள்ள, பெட்டியின் அந்த மூலை தாழ்ந்தது. யாரும் நகரவில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மூலையின் அடியில் போய்த் தோள் கொடுத்தாள்.