கயிற்றை விட்ட தேவராசாவும் இரண்டு அமெரிக்கர்களும்

நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதன் நாற்பது யார், அதாவது முப்பத்தேழு மீட்டர் தூரத்தை ஐந்து வினாடிக்குள் ஓடிமுடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறேன், பார்த்த வேகத்தில் தேநீரை மடியில் ஊற்றியும் இருக்கிறேன். அமெரிக்கன் புட்போலில் காசுக்கு விளையாட ஆட்களை எடுப்பதற்கு முன்னால், வருடாவருடம் அவர்களை ஓடவிட்டு, பாயவிட்டு, பாரம் தூக்கவிட்டு அளப்பார்கள். அந்த அளவுகளை வைத்துக்கொண்டு நானும் சீதாராமனும் நான்கு வருடமாகச் சண்டை பிடிக்கிறோம். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையின் சாப்பாட்டு அறைதான் எங்கள் போர்க்களம்.

சீதாராமன் திருச்சிக்காரன், எஞ்சினியர். நான் இறக்கைக்குச் சாயம் பூசுகிறவன். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிற மெல்லிய ஆட்களுக்குத்தான் உண்மையான உடல்வலிமை இருக்கிறது என்பது அவனுடைய கட்சி. முன்வரிசையில் நின்று முட்டுகிறார்களே மலைகள், அவர்களுக்குத்தான் என்பது என் கட்சி.

“மெல்லியவன் ஓடுறது என்ன பெரிய விசயம்? அலுமாரி ஓடினால்தான் அதிசயம்” என்பேன்.

“அண்ணா, அந்த அலமாரிய நின்ன எடத்துலேர்ந்து ஒரு மீட்டர் எம்பச் சொல்லுங்க, பாப்போம்” என்பான்.

டேனிஷ்காரர்கள் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நாங்கள் குடும்பச் சண்டை பிடிக்கிறோம் என்று எண்ணம்.

இது சாப்பாட்டு அறையோடு நின்றிருக்கும், எனக்கு ஒரு பட்டப்பெயர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். ஆறு வருடங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் மாதத் தமிழர் விளையாட்டு விழாவில், வைலே ஊர் அணிக்கு எதிரான கயிறு இழுத்தலில் நான் கயிற்றை விட்டுவிட்டேன். கையில் ஒரு குளவி இருந்தது. ஓகஸ்டில் டென்மார்க்கில் குளவி இல்லாத இடம் எது? ஆனால் அந்தக் குளவியை என்னைத் தவிர ஒருவரும் காணவில்லை. அன்று தொடங்கியது. இந்த நாட்டில் எட்டுத் தேவராசா இருக்கிறார்கள். ஒருவர் டாக்குத்தர், ஒருவர் கடை வைத்திருப்பவர். நான் கயிற்றை விட்டவர்.

மகள் கிருசாந்திக்குக் கலியாணம் பேசினோம். மாப்பிள்ளையின் தகப்பன் குலவீரசிங்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறார், நாங்கள் முன்பின் சந்தித்ததில்லை. தொலைபேசியில் அவர் கேட்ட முதற் கேள்வி, “எந்தத் தேவராசா? கயித்தை விட்டவரோ?” என்பது. என் மனைவி தவமலர் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கலியாணம் வருகிற சித்திரையில். மணவறையில் நான் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது, மண்டபத்தில் முந்நூறு பேர், “கவனம், விட்டிடப் போறார்” என்று ஒருவரையொருவர் இடிப்பார்கள். அதற்கு முன்னால், இந்த ஓகஸ்டில், அதே மைதானத்தில், அதே கயிற்றைப் பிடித்து நான் வெல்லவேண்டும். குலவீரசிங்கம் குடும்பத்தோடு பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டார்.

எங்கள் விழாவில் ஒரு விதி உண்டு. அயலவர்களோடு நல்லுறவு வளரட்டும் என்று ஒவ்வொரு அணியிலும் தமிழரல்லாத விருந்தாளி ஒருவர் நிற்கவேண்டும். வைலே அணித் தலைவன் துஷாந்தன் வருடாவருடம் ஒரு பன்றிப் பண்ணைக்காரரோடு நல்லுறவு வளர்த்தான். அவருடைய கழுத்தும் என்னுடைய தொடையும் ஒரே சுற்றளவு. நாங்கள் ஒரு யோகா ஆசிரியரைக் கொண்டுபோனோம். அவர் மூச்சை நன்றாக விட்டார்.

இந்த வருடம் பக்கத்து ஊர் அமெரிக்கன் புட்போல் கழகம் ஒரு பருவத்துக்கென்று இரண்டு அமெரிக்கர்களை இறக்கியிருந்தது. இருவரும் அங்கே பெரிய அணிகளில் சம்பளத்துக்கு இருந்தவர்கள். கோல்பி முன்வரிசையில் முட்டுகிறவன். டெரெல் ஓடிப் பந்து பிடிக்கிறவன். நானும் சீதாராமனும் நான்கு வருடமாக வாயால் அளந்த இரண்டு சாதியும் கால்மணி நேரக் கார் ஓட்டத்தில் வந்து நின்றால் விடுவேனா? ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போனேன். கோல்பி பதினொன்று சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றான். டெரெல் ஒன்றைச் சாப்பிட்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு, தானும் வருகிறேன் என்றான். விருந்தாளிக்கு இருந்ததோ ஓரிடம்.

ஒரு சனிக்கிழமை கைப்பந்து மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் இருவரையும் அளந்தோம். சீதாராமன் மடிக்கணினியோடு வந்தான். நாற்பது யாரை டெரெல் நான்கு தசம் ஆறு வினாடியில் ஓடினான், கோல்பி ஐந்து தசம் மூன்றில். பாய்ச்சலுக்கு, சரக்கு அடுக்குகிற மரத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். டெரெல் நின்ற இடத்திலிருந்து ஒன்பது தட்டு உயரத்துக்கு எம்பி, சத்தமில்லாமல் மேலே போய் நின்றான். கோல்பி ஐந்து தட்டுக்கு ஏறி, மேல்தட்டை முறித்தான். சீதாராமன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். பிறகு என் காரில் கயிற்றைக் கட்டி இழுக்கச் சொன்னோம். டெரெல் நன்றாகவே இழுத்தான். கோல்பியின் முறை வந்தபோது கார் முதலில் அசையவில்லை. அவன் முகம் சுளித்து, இன்னொரு தரம் சாய்ந்து இழுத்தான். கார் கரகரவென்று வந்தது. அப்போதுதான் நான் கைப்பிரேக்கை எடுக்கவில்லை என்று கண்டேன்.

“இதுக்கு மேலை என்ன கதை?” என்று கத்திக்கொண்டு கோல்பியைக் கட்டிப்பிடித்தேன். என் கை அவனுடைய முதுகைச் சுற்றி வரவில்லை.

சீதாராமன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். “அண்ணா, இந்த வருஷப் புது ரூல் படிச்சீங்களா? எட்டுப் பேரோட மொத்த வெயிட் அறுநூத்தி எண்பது கிலோதான்.”

“அதுக்கென்ன?”

“கோல்பி நூத்தி நாப்பத்தொம்பது. மத்த ஆறு பேரும் சேந்து நானூத்தி எண்பத்திமூணு. மிச்சம் நாப்பத்தெட்டு கிலோ. நீங்க தொண்ணூத்தி நாலு.”

“நான் மெலியிறன்.”

“மூணு வாரத்துல பாதியாகணும்ணா.”

எங்கள் சங்கத்தில் நாற்பத்தெட்டு கிலோவுக்குள் அடங்கக்கூடிய ஒரே ஆண்மகன் செயலாளர் நாகமுத்து. அறுபத்தாறு வயது. காற்றடித்தால் குடையோடு போய்விடுவார். அவர் கயிற்றைப் பிடிக்க, நான் கரையில் நின்று கைதட்ட, அணி வெல்ல, என் பெயர் மட்டும் அப்படியே கிடக்கும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் நான் கட்சி மாறினேன். வெட்கப்படாமல் மாறினேன். “யோசிச்சுப் பாத்தன், சீதா. ஒரு கிலோவுக்கு எவ்வளவு பலம் எண்டுதானே பாக்கவேணும். அப்பிடிப் பாத்தால் டெரெல்தான் உண்மையான வீரன்.”

“நாலு வருஷமா நான் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!”

“இப்ப ஒத்துக்கொள்ளுறன்.”

“இப்ப நான் ஒத்துக்க மாட்டேன். இது கயிறுண்ணா. ஓட்டமும் இல்ல, பாய்ச்சலும் இல்ல. தரையில ஊணிட்டு நிக்கிற வெயிட்டுதான் இங்க பேசும். கோல்பிதான்.”

நான்கு வருடச் சண்டையில் அன்றைக்குத்தான் நான் அவனுடைய பக்கமும் அவன் என்னுடைய பக்கமும் நின்று கத்தினோம். கடைசியில் அவன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணா, கோபப்படாதீங்க. டீம் ஜெயிக்கணுமா, நீங்க நிக்கணுமா?”

“ரெண்டும்” என்றேன். அவன் சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வந்தது. அணித் தலைவன் நான். டெரெல் என்று அறிவித்தேன். கோல்பி வருத்தப்படவில்லை, றோல்ஸ் வருவது நின்றுபோகாதல்லவா என்று மட்டும் கேட்டான்.

மூன்று வாரம் பயிற்சி. டெரெல் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. ஆனால் அவன் கையைப் பேணுகிற பேணலை நான் வேறெங்கும் கண்டதில்லை. போத்தல் மூடிகூடத் தானாகத் திறக்கமாட்டான், எங்களிடம் நீட்டுவான். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினொரு பந்து பிடித்தவனாம். நழுவவிட்டது இரண்டு. அந்த இரண்டின் திகதியும் மணியும் அவனுக்கு மனப்பாடம். ஒன்றுக்கு மழை காரணம், மற்றதற்குக் காரணமே இல்லை என்று சொல்லும்போது அவனுடைய குரல் இறங்கிப்போகும். ஒக்டோபரில் கனடாவில் ஒரு அணி அவனைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. “என்னிடம் இருப்பது இந்த இரண்டு கையும்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். என்னை ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

விழா வைலேயில் நடந்தது. குலவீரசிங்கம் வெள்ளைச் சேட்டுப் போட்டு, முன்வரிசைக் கதிரையில் தவமலருக்குப் பக்கத்தில் இருந்தார். எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார்கள். அறுநூற்று அறுபத்து நான்கு. முதல் இழுப்பு எங்களுக்கு, இரண்டாவது வைலேக்கு. மூன்றாவதில் பண்ணைக்காரர் குதியை நிலத்தில் புதைத்துவிட்டு எருமை மாதிரி நின்றார். எனக்கு முன்னால் டெரெல், பின்னால் மூன்று பேர். ஓரங்குலம் வந்தது. பிறகு இன்னும் ஓரங்குலம். நடுக்கயிற்றின் சிவப்புத் துணி கோட்டைத் தொடப்போகிறது, வெல்லப்போகிறோம் என்று நான் இன்னும் பின்னால் சாய்ந்தேன்.

அப்போது கயிறு ஒரு முழம் சறுக்கியது. டெரெலின் இரண்டு கையும் விரிந்ததை என் கண்ணால் கண்டேன். உள்ளங்கையைக் கயிறு எரித்திருக்கிறது, கை தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். வைலேக்காரர்கள் எங்களைப் புல்லில் தேய்த்துக்கொண்டு போனார்கள். நான் குப்புறக் கிடந்தேன்.

துஷாந்தன் ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டான். “ஆர் விட்டது? தேவண்ணையோ, விருந்தாளியோ?” மைதானமே சிரித்தது.

“அவர் என்ன கேட்கிறார்?” என்றான் டெரெல்.

“யார் விட்டது என்று கேட்கிறார்.”

அவன் தன்னுடைய கைகளைப் பார்த்தான். அவை வேறு யாருடையவோ போல அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தானா விட்டது என்று அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

ஆறு வருடமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம் இது. ஒரு விரலை நீட்டினால் போதும், பெயர் கைமாறிவிடும். அவனோ ஒக்டோபரில் போய்விடுவான், தமிழும் தெரியாது, அந்தப் பெயர் அவனுடைய காதில் ஒருநாளும் விழாது. குலவீரசிங்கம் கதிரையின் நுனியில் இருந்தார். நான் விரலை நீட்டத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. அவனுக்குக் கையைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கோ பட்டப்பெயர் ஏற்கெனவே இருந்தது, அதில் ஆறு வருடப் பழக்கமும் இருந்தது.

“நான்தான் விட்டனான்!” என்று கத்தினேன். ஆங்கிலத்திலும் ஒருமுறை கத்தினேன்.

சிரிப்பு இரண்டு மடங்காகியது. குலவீரசிங்கம் கண்ணீர் வர, தொடையில் தட்டிச் சிரித்தார். தவமலர் மட்டும் சிரிக்காமல் எழும்பி வந்து, என் தலைமாட்டில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, கயித்தை விட்டது நீங்களோ?”

“ஓம்.”

“அப்ப ரெண்டு கையிலையும் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறது என்ன?”

பார்த்தேன். கயிறு என் கையில்தான் இருந்தது. விரல்களைத் திறக்க முடியாத அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“விட்டிட்டு, குளவிதான் காரணம் எண்டு ஆறு வருசம் சாதிச்சியள். இப்ப விடாமலே விட்டனான் எண்டுறியள். ஒரு பொய்யையாவது ஒழுங்காச் சொல்லப் பழகுங்கோ” என்று சொல்லிவிட்டு, குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மெதுவாகத்தான் பிரித்தாள்.

சீதாராமன் ஓடிவந்தான். “அண்ணா, வீடியோ எடுத்திருக்கேன். டெரெல் கை விரிஞ்சது தெளிவா இருக்கு. மைக்குல சொல்லி, திரையில போடச் சொல்லவா?”

“அழி.”

“அண்ணா…”

“அழியடா!”

அவன் என்னையும் டெரெலையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு எனக்கு முன்னாலேயே அழித்தான். அவனிடம் அன்றைக்கு மாத்திரம் எனக்கு ஒரு வாதமும் இருக்கவில்லை.

டெரெல் வந்து எனக்குப் பக்கத்தில் புல்லில் குந்தினான். அவனுடைய முகம் கழுவித் துடைத்ததுபோல் தெளிந்திருந்தது. நான் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான். “ஒரு நிமிடம் பயந்துபோனேன், நானோ என்று நினைத்தேன்” என்றான். பிறகு என் தோளில் தட்டினான். “கவலைப்படாதே, தேவா. யாருக்கும் நடக்கும். உனக்குக் கை சரியில்லை, அவ்வளவுதான். அதைத் திருத்தலாம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அந்தக் கயிற்றாலேயே கட்டியிருப்பேன். அவனோ என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இரத்தம் கசிந்த தன்னுடைய உள்ளங்கையை மறந்துபோய், என் விரல்களைக் கயிற்றின் மேல் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். “பெருவிரலை மேலே போட்டுப் பூட்டவேண்டும். பார், இப்படி. இனி உன்னிடமிருந்து ஒருத்தராலும் பறிக்க முடியாது.”

“சரி” என்றேன். அவன் சொன்ன மாதிரியே பெருவிரலை மேலே போட்டுப் பூட்டினேன்.