எறும்புதானே

காலை ஏழரை மணிக்கு அந்தச் செடிப் பண்ணையின் கொட்டகையில் பதினெட்டுப் பேரும் வேலைக்கு நின்றுவிடுவார்கள். யார் மண் கலக்குவது, யார் நாற்று நடுவது, யார் தொட்டி தூக்குவது என்று சூப்பர்வைசர் பிரித்து அனுப்புவான். அன்று ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. புதிதாகக் கட்டிய அலுவலகம் ஒன்றுக்கு எண்ணூறு தொட்டிகள் பதினோரு மணிக்குள் லாரியில் ஏறியாக வேண்டும். அத்தனையும் வேலியோரக் கடைசி வரிசையில் இருந்தன.

"சார், என்னை இன்னிக்கு நாத்து மேசைக்கு மாத்திவிடுங்க" என்றாள் குண்டூசி.

ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. அதனால் அந்தப் பட்டப்பெயர். வயதில் சூப்பர்வைசரைவிட எட்டு வருஷம் மூத்தவள். ஆனாலும் அவன் அவளை 'நீ' என்றுதான் பேசுவான்.

"ஏன், கடைசி வரிசைக்கு என்ன வந்துச்சு?"

"அங்க நெருப்பெறும்பு இருக்கு சார். போன தடவை கொட்டினப்பவே உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. மூச்சு வேற வாங்குச்சு. உங்ககிட்ட வந்து சொன்னேனே."

சொன்னாள்தான். மூன்று வாரத்துக்கு முன்பு, கழுத்தெல்லாம் சிவந்து தடித்த நிலையில் வந்து நின்றாள். அவன் சிரித்துவிட்டு, "எறும்பு ராணி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இப்போதும் அவன் அதே போலத்தான் பேசினான். "எறும்புதானே? புலியா பதுங்கியிருக்கு? எறும்புக்குப் பயந்தா செடி வேலைக்கு வரக் கூடாது. போ, போ, லாரி வந்துடும்."

"அப்ப ஸ்டோர்ல இருக்கிற பூட்ஸையாவது எடுத்துக் கொடுங்க."

"சாவி ஆபீஸ்ல இருக்கு. இப்ப அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

சாவி அவன் பாக்கெட்டில்தான் இருந்தது. ஸ்டோரில் ஆறு ஜோடி ரப்பர் பூட்ஸ் அட்டைப்பெட்டியோடு கிடந்தன. பண்ணையைப் பார்வையிட யாராவது வந்தால், அந்த ஒரு நாள் மட்டும் அவை வெளியே வரும். போட்டோ எடுத்து முடிந்ததும் கழுவித் துடைத்து மறுபடி உள்ளே போய்விடும். அழுக்கானால் முதலாளி முகம் சுளிப்பார் என்பதால் அவன் அதற்கு மேல் அவற்றைத் தொடுவதில்லை.

அவன் ஈவு இரக்கம் இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வருஷம் அவனும் வெறுங்காலோடு தொட்டி சுமந்தவன். எத்தனையோ முறை எறும்பிடம் கொட்டு வாங்கியிருக்கிறான். எச்சிலைத் தொட்டுத் தடவிக்கொண்டு அடுத்த தொட்டியைத் தூக்கியிருக்கிறான். தன் உடம்பு தாங்கியதை மற்றவர்கள் உடம்பும் தாங்கும் என்பது அவன் எண்ணம். அது தாங்கவில்லை என்று யாராவது சொன்னால், வேலைக்குச் சாக்குச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவான்.

குண்டூசி கடைசி வரிசைக்குப் போனாள். அவளுடைய நாத்தனாரும் கூடவே போனாள். கல்யாணம் ஆகாத பெண், அதே பண்ணையில்தான் வேலை.

நாலாவது தொட்டியைத் தூக்கும்போது, கீழே விரித்திருந்த கருப்பு ஷீட் கிழிந்து, பொலபொலவென்று மண் சரிந்தது. நெருப்பெறும்பு காலில் ஏறுவது முதலில் தெரியாது. ஓசைப்படாமல் நூற்றுக்கணக்கில் ஏறும். பிறகு யாரோ உத்தரவு போட்டதுபோல எல்லாம் ஒரே சமயத்தில் தோலைக் கவ்விக்கொண்டு, வால் பக்கத்தால் கொட்டும். குண்டூசி கையில் இருந்த தொட்டியைப் போட்டுவிட்டு அலறினாள். நாத்தனார் ஓடிப்போய் குழாயைத் திருப்பித் தண்ணீரை அடித்தாள். எறும்புகள் தண்ணீருக்கு அசையவில்லை. கடைசியில் சாக்குத் துணி ஒன்றை எடுத்து, இரண்டு கால்களையும் அழுத்தித் தேய்த்து உருவித் தள்ளினாள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தான். முழங்கால் வரை புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. "சோப்புப் போட்டுக் கழுவிட்டு நிழல்ல உட்காரு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் திரும்பினான்.

ஐந்து நிமிஷத்தில் அவள் உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தாள். அப்புறம் கழுத்தை. அப்புறம் காதுக்குப் பின்னால். உதடு வீங்கியது. நாத்தனார் ஓடிவந்து, "சார், அண்ணிக்கு என்னவோ பண்ணுது, வந்து பாருங்க" என்றாள். அவன் இருபது தொட்டி ஏறும் வரை நின்றுவிட்டுத்தான் வந்தான்.

"தொண்டையில என்னவோ அடைக்குது" என்றாள் குண்டூசி. குரல் அவளுடையதாகவே இல்லை.

"பயத்துல அப்படித்தான் இருக்கும். தண்ணி குடி."

குடித்த தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக வழிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும், ஏதோ ஒன்று அவனை அசையவிடவில்லை. இது உண்மையாக இருந்தால், மூன்று வாரத்துக்கு முன்பு அவள் சொன்னதும் உண்மையாகிவிடும்.

லாரி டிரைவர் கீழே குதித்து வந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"சார், இது பயம் இல்ல. எங்க மாமாவைத் தேனீ கொட்டினப்ப இப்படித்தான் ஆச்சு. நாங்க சுண்ணாம்பு தடவிட்டு உட்கார்ந்திருந்தோம். மனுஷன் போய்ட்டார். ஆம்புலன்ஸ் இங்க வந்து சேர்றதுக்குள்ள நாம போயிடலாம். தூக்குங்க."

அதற்குப் பிறகு அவன் நிற்கவில்லை. ஓடிப்போய் அவளைத் தூக்கினான். அவள் உடை மடிப்பில் ஒட்டியிருந்த எறும்புகள் அவன் வலது கையில் நாலு இடத்தில் கொட்டின. பாதி ஏற்றிய தொட்டிகளோடு லாரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

டாக்டரம்மா ஒரு நொடி தாமதிக்கவில்லை. தொடையில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார். அவள் மூச்சு ஓரளவு சீரான பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"கொட்டி எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பதான் டாக்டர், கொஞ்ச நேரம்" என்றான் சூப்பர்வைசர்.

"முக்கால் மணி நேரம்" என்றாள் நாத்தனார்.

"இதுக்கு முன்னாடி கொட்டி இந்த மாதிரி ஆகியிருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று உறைத்தது.

"ஆகியிருக்கு டாக்டர். மூணு வாரம் முன்னாடி. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்குச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எல்லார் உடம்பும் ஒண்ணு இல்லம்மா. நிறையப் பேருக்கு வலி, அரிப்பு, மறுநாள் கொப்புளம், அதோட போயிடும். கொப்புளத்தை உடைக்காம இருந்தாப் போதும். ஆனா கொட்டின இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்குச்சுன்னா அது ஒவ்வாமை. அடுத்த தடவை உயிரே போகலாம். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். யார்கிட்டயும் சொல்லலையா?"

நாத்தனார் சூப்பர்வைசரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கை அன்று முழுவதும் நெருப்பில் வைத்ததுபோல எரிந்தது. மறுநாள் காலையில் நாலு இடத்திலும் வெள்ளை வெள்ளையாகச் சீழ்க் கொப்புளம். சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவன் தடுமாறுவதைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

"எறும்புதானே கடிச்சுது? அதுக்கு ஏன் உலகமே இடிஞ்சு விழுந்த மாதிரி மூஞ்சியை வச்சிருக்கீங்க?"

அவனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நாலு கொட்டுக்கே இப்படி. அவளுக்கு இரண்டு காலிலும் இடமில்லாமல் கொட்டியிருந்தது. மனைவியைத் திட்ட வாயெடுத்தவன், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதலாளி அறையில் விபத்துப் பதிவேடு மேசைமேல் தயாராக இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் முதலாளி. "பூட்ஸ் கொடுத்தோம், போட மாட்டேன்னு வெறுங்காலோட வேலை பார்த்தாள்னு எழுது. அவகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

"சார், நாம கொடுக்கலையே."

"வாங்கி வச்சிருக்கோம்ல? கேட்டா காட்டறதுக்குத்தானே வாங்கினது. உன் வேலையும் இதுல இருக்கு, யோசிச்சுக்கோ."

அவன் யோசித்தான். வீட்டு வாடகை, பெண்ணின் பள்ளிக்கூடம், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வீங்கிய விரல்களால் பேனாவைப் பிடித்து, முதலாளி சொன்னதை அப்படியே எழுதினான்.

வார்டில் குண்டூசி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. ஒரு கண் சின்னதாகத் தெரிந்தது.

"எப்படி இருக்கீங்க அக்கா?"

"வழக்கம்போல 'நீ'ன்னே பேசுங்க சார். திடீர்னு மரியாதை கொடுத்தா எனக்குப் பயமா இருக்கு."

அவன் பதிவேட்டை நீட்டினான். அவள் விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"எனக்கு பூட்ஸ் கொடுத்ததா எழுதியிருக்கே சார்."

"ம்."

"என்ன நிறம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொட்டினதைக்கூட விட்டுடறேன்" என்றாள் குண்டூசி. குரல் இன்னும் கரகரத்தது. "அதுக்கு ஊசி இருக்கு, போட்டாங்க. தொண்டை அடைக்குதுன்னு நான் சொல்றேன், நீங்க தண்ணி குடிங்கறீங்க. அந்த நேரம்தான் சார் மறக்க மாட்டேங்குது. நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டு இருக்கிற ஒரு ஆள் முன்னாடி என் உசுரு போகப்போகுதேன்னு நினைச்சேன். அதுக்கு எந்த டாக்டர்கிட்ட ஊசி இருக்கு?"

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பதிவேட்டை வாங்கி, எழுதியிருந்ததன் மேல் நீளமாக ஒரு கோடு போட்டான்.

"என்ன நடந்துச்சோ சொல்லுங்கக்கா. நான் எழுதறேன்."

"மூணு வாரம் முன்னாடி வந்து சொன்னதையுமா?"

"அதையும்."

"சாவி உங்க பாக்கெட்லதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். அதையும் எழுதுவீங்களா?"

அவன் கை ஒரு கணம் நின்றது. "எழுதறேன்" என்றான். எழுதினான். அவள் மறுபடி விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"மறுபடி வேலைக்கு வருவீங்களா?" என்று எழும்போது கேட்டான்.

"டாக்டர் கூடாதுன்னுட்டாங்க. அவங்க சொல்லலேன்னாலும் வர மாட்டேன் சார். தொட்டியைப் பார்த்தாலே கால் கூசுது. பதினோரு வருஷம் பார்த்த வேலை. வேற என்ன தெரியும் எனக்கு, சொல்லுங்க?"

அவன் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பதிவேட்டைப் படித்த முதலாளி, "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட" என்றார். அடுத்த மாதத்திலிருந்து வேறு சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் கையெழுத்தான பக்கத்தை அவரால் கிழிக்க முடியவில்லை. எல்லோருக்கும் பூட்ஸ் வாங்க அன்றே ஆள் அனுப்பினார். கடைசி வரிசைக்குக் கயிறு கட்டி, எறும்பு மருந்து வைக்கவும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பதினேழு பேர்தான் நின்றார்கள். சூப்பர்வைசர் அவர்கள் முன்னால் வந்து நின்றான். அன்று வேலை பிரிக்கவில்லை.

"எறும்பு கொட்டினா துணியால தேய்ச்சு உதறுங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க. உடம்பெல்லாம் தடிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு வீங்கினாலோ என்கிட்டகூட கேட்க வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றான். "இத்தனை நாளும் என் உடம்பு தாங்கினதை வச்சு உங்க வலியை அளந்துட்டு இருந்தேன். அது அக்காவோட உயிரைக் கொண்டுபோகப் பார்த்துச்சு. அடுத்தவங்க வலி பெருசா சின்னதான்னு முடிவு பண்ண எனக்கு உரிமை இல்ல. வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா முதல்ல நம்பணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் வரிசையில் மண் கலக்குகிற பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சார், எனக்கு ஆறு மாசமா வலது தோள் தூக்க முடியல. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

அவர் பேசி முடிக்கும் முன்பே பக்கத்தில் நின்ற பெண், மருந்து அடித்தால் இரண்டு நாளைக்குக் கண் எரிகிறது என்றாள். இன்னொருத்தி தன் முதுகைப் பற்றிச் சொன்னாள். நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றான் சூப்பர்வைசர். "கேட்கிறேன்."