வறட்சிக்கு மன்னிப்புக் கேட்ட அரசர்

சோசோன் நாட்டில் மழை பெய்யாவிட்டால் குற்றம் மேகத்துடையது அல்ல, அரசருடையது. அந்த வருஷம் காய்ந்த காய்ச்சலில் தவளைகளே நீச்சலை மறந்துபோயின. மழையை வரவழைக்கும் வழக்கப்படி தலைநகரின் தெற்கு வாசலை மூடி வடக்கு வாசலைத் திறந்தார்கள். பல்லிகளைப் பானைக்குள் போட்டு, "மழையைக் கூப்பிடு, விட்டுடறோம்" என்று தட்டினார்கள். பல்லிகளுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

கடைசி வழி ஒன்றுதான். இளம் அரசர் யி ஹுன் வெள்ளை உடுத்தி, குடையில்லாமல் வெயிலில் நின்று, தம் குற்றங்களை ஊரறியச் சொல்ல வேண்டும்.

யி ஹுனுக்கு ஏற்கெனவே மரியாதை குறைவு. காலமான அப்பா தும்மினால் மலை நகரும். மகன் கட்டளையிட்டால் அரண்மனைப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் பட்டமேறிய கையோடு அப்பாவுடையதைவிடப் பெரிய குளம் வெட்டி, மலையோடையை அதற்குள் திருப்பி, டிராகன் தலை வைத்த படகும் விட்டார். அதில் ஏறி நின்றால் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார்.

"கவலையே வேண்டாம் மகாராஜா," என்றார் தலைமை மந்திரி மின் தே-கியு. "குற்றத்தையெல்லாம் நானே எழுதிட்டேன். அளவுக்கு மீறி இரக்கப்படறீங்க. ஓயாம படிச்சு உடம்பைக் கெடுத்துக்கறீங்க."

"இதை வானம் நம்புமா?"

"வானத்துக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, மகாராஜா."

குளத்துக்குக் கீழே, வெடித்துக் கிடந்த வயல்களின் நடுவே மேடை. நாற்றுகள் மஞ்சளாய்த் தலைசாய்ந்திருந்தன. அரசர் இரக்கத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதும், மக்-சுன் என்ற விவசாயப் பெண் பக்கத்துக்காரியின் காதைக் கடித்தாள். அவள் குசுகுசுத்தால் சீனத்து எல்லைவரை கேட்கும்.

"இரக்கமாம்ல! நம்ம ஓடையை மறிச்சு பொம்மைப் படகு விடுறவருக்கு!"

காவலன் தடியை ஓங்கினான். அரசரின் காது பழுத்த மிளகாயாய்ச் சிவந்தது. ஒப்புக்கொண்டால் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போகும். வாயை மூடிக்கொண்டால் நாற்று போகும்.

"அடிக்காதே," என்றார். குரல் கீச்சிட்டது. "அந்தம்மா சொல்றது நிஜம். அப்பாவைவிடப் பெரிய ஆளுன்னு காட்டிக்கத்தான் குளம் வெட்டினேன்."

மந்திரி இருமினார். "மகாராஜா, அது எழுதினதுல இல்லையே…"

"இருந்திருக்கணும்."

விறுவிறுவென்று கரையேறி மதகுப் பலகையை இழுத்தார். அசையவில்லை. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தார். பலகை வந்தது, கூடவே குளமும் வந்தது. அரசர் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பி மிதந்து போனது. ஊரே சிரித்தது, ஆயுசு முழுக்க அவர் பயந்த அதே சிரிப்பு.

மக்-சுன் அலறினாள்: "ராஜா, அப்புறம் வெக்கப்படலாம்! கெண்டையெல்லாம் ஓடுது, காலை அகட்டி மறிங்க!"

மறித்தார். பன்றிக்குட்டி கனமுள்ள மீன்கள் அவர் மடியில் வந்து விழுந்தன. அவரும் சிரித்துவிட்டார்.

மழை அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மின் தே-கியு வரப்போரம் வந்து நின்றார். "குற்றத்தை முறையா சொல்லலை, மகாராஜா. இன்னொரு தடவை வாசிச்சுடலாம்."

"அது கிடக்கட்டும்." அரசர் முழங்கால்வரை சேறாக, வாய்க்காலில் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். "கடைக்கோடி வயலுக்கு இன்னும் தண்ணி போகலை. இறங்குங்க, அந்த உடைப்பை அடைக்கணும்."

மந்திரி பட்டுக் காலணிகளைக் கழற்றினார். வாங்கி வைக்க யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் சேற்றில் இருந்தார்கள்.