அவள் கைக்கு எழுதிய சீட்டு

வெளியிலிருந்து வந்ததாக இருந்திருக்கக் கூடாதா? ஒரு பூச்சி, ஒரு புகை, யாரோ ஒருத்தியின் கொள்ளிக்கண். எதுவாக இருந்தாலும் அதன் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். என் தோலை என் உடம்பே தின்கிறது என்றால் நான் யாரைத் திட்டுவது?

யோகேஸ்வரி இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசிக்குப் போகும் கம்பெனி வேனில், இருளம்மாளை நெருக்கி உட்கார்ந்துகொண்டு, மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனாள்.

"கையக் காட்டு புள்ள." இருளம்மாள் அவள் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தன. "ஒன் கைதான்டி ஏழு பேர்லயும் ஜோரு. இன்னிக்கு நீதான் முதல்ல நிக்கணும். ஒன்னையப் பாத்துட்டு ஆபீசரு மத்தியானச் சோறு திங்கக் கூடாது."

வேனே சிரித்தது. யோகேஸ்வரியும் சிரித்தாள்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிற பெண்கள் அவர்கள். குச்சி மருந்து பட்டுப்பட்டுக் கை புண்ணாகிறது என்று சித்திரையில் ஏழு பேர் சேர்ந்து விருதுநகருக்கு மனு எழுதிப் போட்டிருந்தார்கள்; அதை விசாரிக்கத்தான் இன்றைக்கு ஆபீசர் வருகிறார். ஏழாவது கையெழுத்து யோகேஸ்வரியுடையது. அன்றைக்கு அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஆனியில்தான் மதுரைக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கையைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், தலைமுடியை வகிர்ந்து பார்த்தார். அங்கெல்லாம் வெள்ளி நிறத்தில் செதில்.

"இது சொரியாசிஸ்மா. நம்ம ரத்தத்துல காவலுக்குன்னு அணுக்கள் இருக்கு. கிருமி வந்தா அடிச்சு விரட்டும். ஒனக்கு அது எதிரி இல்லாமலே சண்டை போடுது. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோலு நாலு நாள்ல வளர்ந்து செதிலாக் கொட்டுது. யாருக்கும் ஒட்டாது."

"குச்சி மருந்தால வந்தது இல்லையா டாக்டர்? இருளம்மா மயினிக்கும் இப்படித்தான் இருக்கு."

"வேலைக்குப் போகலைன்னா அவங்களுக்கு ஆறுதா?"

யோகேஸ்வரி யோசித்தாள். மகள் பிரசவத்துக்காக இருளம்மாள் இருபது நாள் லீவு போட்டபோது கை குழந்தை கை மாதிரி ஆகியிருந்தது. யோகேஸ்வரி ஒரு மாதம் வீட்டில் இருந்தும் ஒரு வெடிப்புகூட மூடவில்லை.

"அப்போ அது வேற. அங்க உடம்பு சண்டை போடுறது அந்த மருந்தோட. விலகுனா ஆறிரும்."

எனக்கு எதை விட்டு விலகுவது என்று அவள் கேட்கவில்லை. முழுசாகப் போகுமா என்று மட்டும் கேட்டாள். அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. வியாதியின் பேரை எழுதி ஒரு சீட்டும் கொடுத்தார்.

ஒட்டாது என்ற வார்த்தையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமியார் அவளுடைய தட்டையும் டம்ளரையும் எப்போதும்போலத் தனியாகவே கவிழ்த்து வைத்தாள். நாத்தனார் பிள்ளையைத் தூக்க யோகேஸ்வரி கை நீட்டினால், பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்துத் தூக்கம் வந்துவிடும். புருசன் பேசுவான், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுவான். உலகத்தில் அவள் கைக்குச் சமமாக இன்னும் ஆறு கை இருக்கிற இடம் அந்த ஆபீஸ் ஒன்றுதான். அங்கே ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள். அதனால் டாக்டரம்மா சொன்னதை அவள் இருளம்மாளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு மாதம் போய்விட்டது.

மதுரைக்குப் போன நாளுக்கு லீவு சொல்லும்போது காட்டிய அந்த டாக்டர் சீட்டு மேனேஜர் சபரிநாதனுக்கு ஞாபகம் இருந்தது. இன்றைக்கு வேன் வந்து நின்றதும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. சீட்டு கொண்டாந்திருக்கியா?"

"பையில இருக்கு சார்."

"ஆபீசர் கூடவே தோல் டாக்டரும் வர்றாரு. நீ பொய்யே சொல்ல வேண்டாம். சீட்டைக் காட்டு, இது எனக்கு ஒடம்புலயே இருக்கிற வியாதின்னு சொல்லு. மத்ததை நான் பேசிக்கிடுதேன்."

"மத்தவுகளுக்கு இது இல்லையே சார்."

"அதை நீ ஏன் சொல்லுத? நம்ம காலண்டர் பிரஸ்ல மடிக்கிற வேலை தாரேன். மருந்து வாடையே கிடையாது." குரலைத் தணித்தார். "காட்டலைன்னாலும், வரிசையில ஒன் கையப் பாத்ததும் டாக்டர் கண்டுபிடிச்சிருவாரு. அப்பவும் ஒன்னைய வச்சு நான் பேசத்தான் செய்வேன். காட்டிட்டா வேலையாவது மிஞ்சும்."

அவர் கேட்பது உண்மையைத்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உடம்புதான் தப்பான ஆளை அடிக்கிறது என்றால், இப்போது அந்தச் சீட்டும் தப்பான ஆட்களை அடிக்கப் போகிறது. இருளம்மாளுக்காகத்தான் யோசிக்கிறேனா, அந்த ஒரு செம்புத் தண்ணீருக்காகவா? அவளுக்கே தெரியவில்லை. காட்டினாலும் காட்டாவிட்டாலும் இரண்டும் இனி தனக்கில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"அது என் கைக்கு எழுதின சீட்டு சார். மத்தவுக கைக்கு இல்ல."

சபரிநாதன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "அப்போ நாளையிலருந்து வேனுக்கு நிக்க வேண்டாம்," என்றார்.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்தபோது ஆறு பேரும் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.

இருளம்மாள் ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்கன போன? வாடி, வந்து முன்னால நில்லு."

மேனேஜர் அறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் போய் நின்றால் அவளைக் காட்டியே மற்ற ஆறு பேருக்கும் இதே வியாதிதான் என்று பேசி மனுவைத் தள்ள வைத்துவிடுவார். இதை இருளம்மாளிடம் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். என் வியாதி வேறு, உங்கள் வியாதி வேறு. அதைச் சொல்லாமல், சீட்டு இருந்த பையை யோகேஸ்வரி இடுப்போடு இடுக்கிக்கொண்டாள்.

"என்னடி, கல்லு மாதிரி நிக்க?" இருளம்மாளின் கண் மேனேஜரிடம் போனது, திரும்பி இவளிடம் வந்தது. பிடி தளர்ந்தது. "அந்தாளு என்ன தாரேன்னான்?"

யோகேஸ்வரி மணிக்கட்டை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நீங்க போங்க மயினி. நான் வரல."